நம்ம பெங்களூர் மாடித்தோட்ட சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அய்யாவுக்கும் கமிட்டி மெம்பர்களுக்கும், அல்சூர், மர்ஃபி டவுன், விவேக் நகர், ஃப்ரேசர் டவுன்னு எல்லா பக்கத்துல இருந்தும் வந்திருக்கிற அக்கா அண்ணன்மாருக்கும் வணக்கம்.

வருஷம் பொறக்கும்போதே தண்ணி கஷ்டம்தான். 2024 மார்ச்ல குடிக்கிற தண்ணிய தோட்டத்துக்கு விட்டா 5000 ரூபா ஃபைன்னு வாட்டர் போர்டு சொல்லிட்டாங்க, ஏப்ரல் 28ம் தேதி 38.5 டிகிரி வெயில் வேற, நெறைய பேர் கீரை கூட போடல. அப்பவும் மாசாந்திர மீட்டிங் ஒண்ணும் நிக்கல, விதை பரிமாற்றம் நடந்துச்சு, ஆகஸ்ட்லயும் ஜனவரிலயும் லால்பாக் ஃப்ளவர் ஷோவுக்கு சேந்து போய்ட்டு வந்தோம். கணக்கு வழக்க பொருளாளர் தனியா வாசிப்பார்.

இந்த வருஷம் மீட்டிங்ல அதிகமா பேசினது நெக்டரின் பத்திதான், அதனால அத கொஞ்சம் விரிவா சொல்றேன். நெக்டரின்னா தனி பழம் இல்ல, பீச் பழமேதான், ஒரே ஒரு ஜீன் மாறினதால தோல்ல முடி இல்லாம வழவழன்னு இருக்கு. அதனால பீச்சுக்கு என்ன பராமரிப்போ அதேதான் இதுக்கும், பூச்சியும் நோயும் மட்டும் வழவழ தோல்ல சட்டுனு ஏறிடும்.

மெயின் பிரச்சினை குளிர். இலை கொட்டி தூங்குற மரம் இது, 7.2 டிகிரிக்கு கீழ இத்தன மணி நேரம் இருந்தாத்தான் மொட்டு முழிக்கும்னு ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஹிமாச்சல்ல போடுற பழைய ரகங்களுக்கு 800, 1000 மணி நேரம் கூட கேக்கும். நம்ம ஊர்ல பதிவானதுலயே ரொம்ப குறைஞ்ச குளிர் 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13ம் தேதி. அப்ப அந்த கணக்குப்படி பெங்களூருக்கு ஒரு மணி நேரம் கூட கிடையாது! இது தெரியாம சில மெம்பர்கள் நர்சரில "நெக்டரின், எங்க வேணா காய்க்கும்"னு சொன்னத நம்பி, ரகத்தோட பேர் கூட எழுதாத செடிய நல்ல விலை குடுத்து வாங்கிட்டு வந்திருக்காங்க, இலை தளதளன்னு இருக்கு, பூ மட்டும் இல்ல. அவங்கள குறை சொல்ல மாட்டேன், பேர் எழுதாம விக்கிறது தப்பு. இனிமே ரகம் பேர் கேளுங்க, பேர் சொல்லலன்னா வாங்காதீங்க. ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி உருவாக்கின சன்ரெட் மாதிரி 300 மணி நேரத்துக்குள்ள கேக்குற ரகமா இருந்தாத்தான் இங்க பேசவே முடியும். விவேக் நகர் அண்ணன் ஒருத்தர் வேருக்கு மேல ஐஸ் கட்டி கொட்டிப் பாத்தார், ஆனா குளிர் வேண்டியது மொட்டுக்கு, வேருக்கு இல்ல.

குளிர் இல்லாத ஊர்ல என்ன பண்றாங்கன்னு பாத்தா, இந்தோனேஷியால மலாங் பக்கத்துல 'பத்து' (Batu)ங்கிற ஊர்ல ஆப்பிளுக்கே அறுவடை முடிஞ்சதும் இலைய கையால உருவி விட்டுடுறாங்க, மொட்டு ஆழமா தூங்குறதுக்கு முன்னாடியே திருப்பி எழுப்பி விட்டுடுறாங்க. அந்த முறையத்தான் அல்சூர்ல நம்ம அக்கா ஒருத்தங்க மாடில ட்ரம்ல வச்ச நெக்டரின் மரத்துக்கு செஞ்சாங்க. அக்டோபர் மழைல ட்ரம்ம ஓரமா ஷீட்டுக்கு கீழ இழுத்து வச்சு, நவம்பர்ல தண்ணிய குறைச்சு, இலை வாட ஆரம்பிச்சதும் ஒவ்வொரு கிளையா அடில இருந்து நுனி வரைக்கும் இலைய மட்டும் பறிச்சாங்க, காம்பு இடுக்குல இருக்கிற மொட்டு மேல நகம் படாம. நான் போய் நின்னு பாத்தேன், பொறுமை வேணும் அதுக்கு. வெறும் குச்சியா நின்ன மரத்துக்கு அப்புறம் நல்லா தண்ணி விட்டதும் குச்சில ரோஸ் கலர் பூ வந்துச்சு, எல்லா கிளைலயும் இல்ல, ஆனா வந்துச்சு. தன் மகரந்தமே போதும், ரெண்டாவது மரம் வேண்டியதில்ல.

அதுக்கப்புறம் வந்தது காய் கலைக்கிற சண்டை. சுண்டக்கா சைஸ்ல இருக்கும்போதே ஒரு சாணுக்கு ஒரு காய்னு விட்டுட்டு மிச்சத்த கிள்ளணும், இல்லன்னா எல்லாமே கொட்டையும் தோலுமா போய்டும், கிளையும் ஒடியும். அக்கா "வந்ததே கொஞ்சம், இதுல கிள்ளணுமா"ன்னு கண் கலங்கிட்டாங்க, கடைசில கிள்ளினாங்க. மிஞ்சின காய்க்கு பேப்பர் கவர் கட்டினோம், பழ ஈ வரும்னு மெத்தில் யூஜினால் பொறியும் தொங்க விட்டோம், ஆனா பொறி ஆண் ஈய மட்டும்தான் இழுக்கும், அதனால கவர் கட்டாயம். அணில் கவரையும் கிழிக்கும், வலை போடுங்க.

கவாத்து பத்தியும் கேட்டுட்டே இருக்கீங்க. போன வருஷம் வளந்த குச்சிலதான் பூ வரும், ஒரு தடவ காய்ச்ச குச்சில திரும்ப வராது, அதனால வருஷா வருஷம் வெட்டியே ஆகணும். நடு கிளைய எடுத்துட்டு கிண்ணம் மாதிரி திறந்து விடுங்க, வெயில் உள்ள இறங்கணும். தண்ணி தேங்கினா வேர் அழுகி தண்டுல பிசின் வடியும், அதனால செம்மண்ணோட மணல் தாராளமா கலக்கணும், ட்ரம் அடில ஓட்டை பெருசா போடணும். ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி இந்த மரத்துக்கு வேண்டாம், உப்பு தாங்காது, இலை ஓரம் கருகிடும். இலை சிவந்து சுருண்டா அது பூஞ்சை, வந்தப்புறம் மருந்து அடிச்சு பிரயோஜனம் இல்ல, மொட்டு உப்புறதுக்கு முன்னாடியே காப்பர் மருந்து அடிக்கணும். கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பு விஷம், குழந்தைங்க உடைச்சு திங்காம பாத்துக்கோங்க.

வர்ற வருஷத்துக்கு கமிட்டி ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கு: சங்க பணத்துல இருந்து ரகம் பேர் போட்ட, குளிர் குறைவா கேக்குற ஒட்டு கன்னுங்க டிசம்பருக்குள்ள வாங்கி, எடுத்துக்க விரும்புற மெம்பர்களுக்கு பாதி விலைக்கு குடுக்கறது. வாங்குறவங்க இலை உருவின தேதி, பூ வந்த தேதி, காய் நின்ன எண்ணிக்கை எல்லாம் சங்க நோட்டுல எழுதித் தரணும், அது இல்லாம கன்னு கிடையாது. மாடில வைக்கிறவங்க ஈர மண்ணோட எடைய தளம் தாங்குமான்னு மேஸ்திரிய கூப்பிட்டு முதல்ல காட்டுங்க, ட்ரம்ம தூண் இல்லன்னா பீம் மேல வர்ற மாதிரி வைங்க. பேர் குடுக்கிறவங்க இன்னைக்கு டிபனுக்கு அப்புறம் பொருளாளர்கிட்ட குடுங்க. தீர்மானத்த சபை முன்னாடி ஓட்டுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்