தங்கக் குதிரைக்கு ஒரு ஏர்பிரஷ்

திருநகர், மதுரை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் லேசானது. அம்மாவிடம் சொன்னேன். "கோயம்புத்தூர்ப் பனியில் விடியற்காலையில் வெளியே போக வேண்டாம் என்று அவனுக்கு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவருக்கு எண்பத்து நான்கு முடியப் போகிறது. கண் மட்டும்தான் மங்கல். காதும் ஞாபகமும் நம் இருவரைவிடத் தெளிவு. எட்டாம் வகுப்பில் நீ எங்கள் வீட்டில் எத்தனை பணியாரம் சாப்பிட்டாய் என்பதுவரை இன்றும் சொல்கிறார்.

புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன் என்று எழுதியதற்கு, காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூறலாக அடிக்கும் அந்தப் பழைய ஏர்பிரஷை ஏன் பழுது பார்த்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டிருந்தாய். பார்த்தாயிற்று. மார்கழியில் ஒரு நாள் ராத்திரி, வேலை முடிந்து கழற்றிக் கழுவி, பெயிண்ட் வெளியேறும் முனையான நாசிலைத் திரும்ப மாட்டும்போது அந்தச் சின்ன ஸ்பேனரைக் கால் சுற்று கூடுதலாகத் திருகிவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சீரகத்தைவிடச் சற்றே பெரிய பித்தளைத் துண்டு அது. தலை என் கையில் வந்துவிட்டது. மரை உள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மழுங்கிய ஊசி ஒன்றைத் தட்டி இறக்கி, மெதுவாகத் திருப்பி அந்த மரைத்துண்டை எடுத்தே கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. ஆனால் பிரச்சினை அங்கே முடியவில்லை. என்னுடையது பெயர் இல்லாத மலிவு ரகம். 0.3 மில்லிமீட்டர் நாசில் என்று சொல்லி விற்றவர் அனுப்பிய மாற்று நாசில், அதன் துளைக்குள் ஓடும் ஊசியோடு ஒத்துப்போகவில்லை. டிரிக்கரை அழுத்தியதும் கிண்ணத்தில் பெயிண்ட் கொதிப்பதுபோலக் குமிழ் விடுகிறது. காற்று முன்னே போகாமல் நாசில் உட்காரும் இடத்தின் வழியாகப் பெயிண்டுக்குள் புகுந்தால் இப்படித்தான் ஆகும். மரையில் தேன்மெழுகு தடவிப் பார்த்தேன். இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி குமிழ். இன்னொரு நாசில் வரவழைத்தேன். அதன் துளை நடுவில் இல்லை, பெயிண்ட் இடது பக்கமாகவே சாய்ந்து போனது. ஏழு ஆண்டு உழைத்த கருவி. துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இனி நீ எழுதிய யோசனைக்கு வருகிறேன். "வாங்குவதுதான் வாங்குகிறாய், 0.2 நாசிலாகப் பார்த்து வாங்கு, மயிரிழை போலக் கோடு விழும்" என்று எழுதியிருந்தாய். நீ செய்யும் மாடல் விமானங்களுக்கு அது பொருந்தும். இறக்கையில் பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்தை நீ வெறும் கையால், மறைப்புத் தாள் இல்லாமல் இழுக்கிறாய். அதுவும் தின்னரில் கரையும் லாக்கர் பெயிண்டில். அது கெட்டியாகாமல் ஓடும், சீக்கிரம் அடைக்காது. என் வேலை வேறு. நான் அடிப்பது தண்ணீரில் கரையும் அக்ரிலிக். மதுரை வெயில் உனக்கே தெரியும். பங்குனியில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாலும் ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து பொருக்காகி நிற்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத் துணியால் முனையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் கொஞ்சம் தாங்கும். 0.3 துளையே இப்படிப் படுத்தும்போது 0.2 என்ன பாடுபடுத்தும் என்று யோசி.

அதைவிடப் பெரிய காரணம் குதிரை.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உனக்கு முழுதாக எழுதியதில்லை. 2020 சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை, நினைவிருக்கிறதா? ஊரடங்கு. அடுத்த ஆண்டும் எல்லாம் அழகர்கோவிலுக்குள்ளேயே நடந்து முடிந்தது. ஆறு வயதிலிருந்து ஒரு வருஷம் விடாமல் ஆற்றுக்குப் போனவர் அம்மா. அந்தக் காலையில் குளித்து, புடவை மாற்றி, வாசலில் நாற்காலி போட்டு வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பகலில் செம்புக் கம்பியை வளைத்து, எம்-சீலைப் பிசைந்து, விரல் நீளத்தில் ஒரு குதிரை செய்து அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "மேலே ஆளைக் காணோமே" என்றார். அங்கே ஆரம்பித்தது.

இப்போது அது, அழகர் இறங்கும் வைகையின் ஆழ்வார்புரம் கரையாக வளர்ந்திருக்கிறது. 1:72 அளவு. உன் விமானங்களின் அளவுதான், அதனால் உனக்குக் கணக்குப் புரியும்: ஒரு மனிதர் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. பதினோரு உருவங்களைக் கையால் செய்து, சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசினில் வார்த்து, கையையும் தலையையும் மாற்றி ஒட்டி, இதுவரை இருநூற்றுப் பத்துப் பேர் கரையில் நிற்கிறார்கள். சொம்பில் சர்க்கரை நிரப்பி வாழையிலை கட்டிச் சூடம் ஏற்றி நிற்கும் பெண்கள், தோளில் பிள்ளை ஏந்திய அப்பாக்கள், கருப்பசாமி வேடத்தில் தோல்பை தூக்கித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள். நடுவில் பச்சைப் பட்டு உடுத்தித் தங்கக் குதிரையில் அழகர்.

தங்கப் பெயிண்டில் இருப்பது வண்ணப்பொடி மட்டுமல்ல, மினுங்கும் செதில்கள். சாதாரண வண்ணத்தைவிடப் பருமனானவை. 0.2 துளையில் அவை எளிதில் சிக்கும். துளை அகலமாக இருந்தால் செதில்கள் தடையில்லாமல் வந்து ஒன்றின் மேல் ஒன்று படிந்து உலோகம் போலத் தெரியும். அடியில் பளபளக்கும் கறுப்பு அடித்துக் காயவிட்டு, அதன் மேல் தங்கத்தை மூன்று நான்கு மெல்லிய படலமாக ஏற்ற வேண்டும். தூரிகையால் பூசிப் பார்த்தேன். இழுத்த கோடெல்லாம் தெரிகிறது. குதிரை மஞ்சள் பூசிய மரம் போல இருக்கிறது. இந்த ஒரு வேலைக்கு ஏர்பிரஷ்தான் கதி.

இன்னொன்றும் உண்டு. அழகர் ஆற்றில் இறங்குவது விடியும் நேரம். வடகரையிலிருந்து தெற்குப் பார்த்து வருகிறார், வெளிச்சம் அவருடைய இடது பக்கமிருந்து தாழ்வாக வரும். பொம்மைகளுக்கு முதலில் கறுப்பு அடித்து, பிறகு உச்சியிலிருந்து வெள்ளை அடித்தால் நிழலும் ஒளியும் தானாகப் பிரியும் என்பது நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். நான் உச்சியை விட்டுவிட்டேன். பலகையைத் தரையில் வைத்து, கிழக்குப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, இளமஞ்சளைச் சாய்வாக அடித்தேன். முதல் முப்பது பேர் மேல் அடித்ததும் எழுந்து விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அறைக்குள் விடியற்காலை ஐந்தே முக்கால் மணி ஆகியிருந்தது. மீதி நூற்றெண்பது பேர் இன்னும் கறுப்பில் நிற்கிறார்கள், பழைய கருவி அதற்குள் போய்விட்டது. இவர்களுக்கு மெல்லிய கோடு தேவையில்லை. நான்கு விரல் தூரத்திலிருந்து மென்மையாகப் பரவும் தூறல்தான் தேவை. கண்ணையும் திருமண்ணையும் எப்படியும் தூரிகை முனையால்தான் வைக்கப் போகிறேன்.

போன வாரம் விளாச்சேரிக்குப் போயிருந்தேன். கொலு பொம்மை செய்கிற தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெரியவர் ஸ்பிரே கன் வைத்து முழங்கால் உயரப் பொம்மைக்குப் பத்தே நிமிடத்தில் அடிவண்ணம் ஏற்றுகிறார். என் ஆட்களில் நான்கு பேரைக் கொண்டு போயிருந்தேன். ஒன்றை வைத்து அடித்துப் பார்த்தார். முண்டாசின் மடிப்பெல்லாம் மூழ்கிவிட்டது. உடனே தின்னரில் தோய்த்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "இதற்கு என் கருவி ஆகாது. ஆனால் நீங்கள் எதை வாங்கினாலும் உள்ளே இருப்பதைக் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்" என்றார். வண்ணத்தைப் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து அதில் வடிகட்டச் சொன்னார். வந்ததும் செய்து பார்த்தேன். துணியில் தங்கிய கட்டியைப் பார்த்த பிறகு, இத்தனை நாள் அடைத்ததற்குப் பாதிக் காரணம் தெரிந்துவிட்டது.

ஆக, என் முடிவு: இவாட்டா எக்லிப்ஸ், மேலே கிண்ணம் வைத்த எச்பி-சிஎஸ். ஜப்பான் தயாரிப்பு. நாசில் 0.35. அதைவிட முக்கியம், அந்த நாசிலுக்கு மரையே கிடையாது. குழியில் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்க மூடியைக் கையால் திருகினால் தானே நடுவுக்கு வந்துவிடும். ஸ்பேனர் வேண்டாம். மறுபடியும் அந்த 'டிக்' சத்தத்தைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. கிண்ணம் 9 மில்லி பிடிக்கும். முப்பது பேருக்கு ஒரே கலவையில் அடிக்கலாம், நடுவில் நிறம் மாறாது.

ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கின் எவல்யூஷனையும் மனதில் வைத்து நெடுநேரம் யோசித்தேன். ஜெர்மன் கருவி. அதன் நாசிலும் மரையில்லாமல் செருகுவதுதான், 0.2, 0.4 இரண்டையும் ஒரே உடலில் மாற்றிக்கொள்ளலாம். நீ உனக்கு வாங்குவதாக இருந்தால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்: விமானத்தின் அடிவண்ணத்துக்கு 0.4, ஓரத்துக்கு 0.2. எனக்கு இரண்டு தேவையில்லை. பேட்ஜர் பேட்ரியட்டும் உறுதியானது, ஆனால் 0.5 துளை என் ஆட்களுக்குக் கொஞ்சம் அதிகம். காற்றுக் குழாய் இணைப்பின் மரையும் வேறு, அடாப்டர் தேட வேண்டும். இவாட்டா என்றால் இப்போதிருக்கும் குழாயே பொருந்தும். மலிவு ரகத்தில் இன்னொன்று வாங்கலாமே என்று தம்பி சொன்னான். உதிரி கிடைக்காமல் ஒரு கருவியை இழந்தாயிற்று. இந்தச் சித்திரைக்கு அதே ஆபத்தை மறுபடி எடுக்க மாட்டேன்.

கம்ப்ரசரை மாற்றவில்லை. காற்றுத் தொட்டி வைத்தது, நன்றாகவே ஓடுகிறது. ஐப்பசி மழையில் மட்டும் ஈரம் பிடிக்கும் குப்பியில் தண்ணீர் சேர்கிறது, தினமும் வடிக்கிறேன். அழுத்தத்தை 15-லிருந்து 18 பிஎஸ்ஐக்குள் வைத்திருக்கிறேன். முன்பு 30 வைத்து அடித்ததில் பெயிண்ட் பொம்மையைத் தொடுவதற்கு முன்பே காய்ந்து மணல்போல ஒட்டியது. எழுதும்போதே ஆற்றில் தண்ணீர் பீய்ச்சுவது நினைவுக்கு வருகிறது. பிரஷர் பம்ப் கூடாது, தோல்பையில்தான் பீய்ச்ச வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதே, அது எவ்வளவு சரி. தோல்பையை அக்குளில் இடுக்கி, சின்னக் குழல் வழியாகக் கை அழுத்தத்தில் மேலே எழுப்பும்போதுதான் அது பூத்தூறலாக விரிந்து அழகர் மேல் விழும். அந்தக் கை அழுத்தத்தைத்தான் நான் டிரிக்கரில் தேடுகிறேன்.

நீயும் முகக்கவசம் போட்டுக்கொண்டுதானே அடிக்கிறாய்? லாக்கர் ஆவிக்குத் துணிக் கவசம் போதாது, வடிகட்டி வைத்ததாக வாங்கு. கடிதத்தில் இருமல் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய். அதை நான் கவனிக்காமல் விடவில்லை.

உன்னிடம் ஒரு உதவி. மாசியில் உன் மகள் சிங்கப்பூரிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறாய். சிரமம் இல்லை என்றால் அங்கே முறையான விற்பனையாளரிடமிருந்து இதை வாங்கி வரச் சொல். போலிகள் இருக்கின்றன, பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். கூடவே 0.35-க்குரிய ஊசி ஒன்றும் நாசில் ஒன்றும் உபரியாக வேண்டும். ஊசி முனை ஒருமுறை தரையில் பட்டால் வளைந்துவிடும். கண்ணாடி மேல் உருட்டி நிமிர்த்தலாம் என்றாலும் பழையபடி வராது. பணத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று அவளிடம் கேட்டு எழுது. பணம் வேண்டாம் என்று நீ எழுதினால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மாசிக் கடைசியில் கருவி கைக்கு வந்தால், பங்குனியில் கூட்டம் முழுக்க முடிந்துவிடும். சித்திரை பிறந்ததும் குதிரை. அம்மா போன வருஷமே கூட்டத்தில் நிற்க முடியாமல் தல்லாகுளத்திலேயே திரும்பிவிட்டார். பலகையை அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திண்டில், கிழக்கு வெளிச்சம் விழும்படி வைக்க அளவெடுத்துவிட்டேன். நூற்றுப்பத்து சென்டிமீட்டர் நீளம், சரியாக உட்காருகிறது. பட்டின் பச்சை அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று நான்கு பச்சையை அட்டையில் அடித்துக் காட்டினேன். மூன்றாவதைத் தொட்டு, "இதுதான்" என்றார். அந்தக் கலவையைக் குப்பியில் அடைத்துப் பெயர் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு முன்பே நீ வந்துவிடு. கீழ் அறையில் படுக்கை போடுகிறேன், படி ஏற வேண்டியதில்லை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்