கெட்டித் தயிருக்கு வேண்டியது கூடுதல் உறைமோர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், தயிர் கெட்டியாக உறைய வேண்டுமானால் உறைமோரைத் தாராளமாக ஊற்றும்படி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் அன்றிரவே அரைத் தம்ளர் மோரைப் பாலில் கவிழ்த்தார்களோ என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. பல ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள், இன்றும் தினமும் வீட்டில் உறை ஊற்றுபவள் என்ற முறையில் இதை மறுக்கிறேன்.

உறை கூடினால் புளிப்புதான் விரைந்து ஏறும். பாலில் அமிலம் அவசரமாகச் சேரும்போது தயிர் மணல் மணலாகத் திரிந்து, ஓரமெல்லாம் நீர் விட்டுவிடும். ஒரு லிட்டர் பாலுக்கு இரண்டு தேக்கரண்டி உறைமோர் போதும்.

கெட்டித்தன்மை அடுப்பிலேயே முடிவாகிற விஷயம். பால் பொங்கியதும் இறக்கிவிடுகிறோம். அங்கேதான் பாதி போய்விடுகிறது. பொங்கிய பாலைச் சிறுதீயில் வைத்து, 85 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் 20 முதல் 30 நிமிடம் அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டில் பாலின் மோர்ப்புரதங்கள் (பால் திரியும்போது பிரிகிற நீரில் இருப்பவை) வடிவம் குலைந்து, பாலின் முக்கியப் புரதமான கேசீனின் துகள்களின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு பால் உறையும்போது அமையும் புரத வலை நெருக்கமாக இருக்கும். நீரை இறுகப் பிடித்துவைக்கும். கொஞ்சம் நீர் ஆவியாகிப் போவதும் நமக்கு லாபமே.

அடுத்தது ஆறவைத்தல். 'இளஞ்சூடு' என்ற ஒரே சொல்லோடு குறிப்பு நின்றுவிட்டது. புதிதாகச் செய்பவருக்கு அது எப்படிப் புரியும்? 40 முதல் 43 டிகிரி என்று எழுதியிருக்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள், சுத்தமான விரலைப் பாலில் வைத்துப் பத்து எண்ணும்வரை சுடாமல் இதமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கை பொறுக்காத சூட்டில் உறை ஊற்றினால் தயிராக்கும் நுண்ணுயிரிகள் செத்துப்போகும். அப்புறம் விடிய விடியக் காத்திருந்தாலும் பால் பாலாகவே இருக்கும். பாலேட்டை ஒதுக்கிவிட்டு, உறைமோரை ஒரு கரண்டிப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, ஒருமுறை கலக்கி மூடிவிட வேண்டும்.

மூடிய பாத்திரத்தை உறைகிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் அடுத்த கேடு. நுண்ணுயிரிகள் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. 6.7 அளவில் இருக்கும் பாலின் பிஹெச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) மெல்ல இறங்கி 4.6 அருகே வரும்போது கேசீன் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. கோத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அசைத்தால் வலை அறுந்துவிடும். குளிர் காலத்தில் பாத்திரத்தைக் கனமான துண்டால் சுற்றி வைத்தாலே சூடு தங்கும். அளவாக உறைந்த தயிரைச் சற்றே சாய்த்துப் பாருங்கள்: கலங்காமல் ஒரே பாளமாக ஓரத்தை விட்டு விலகும், விலகிய இடத்தில் மெல்லிய இழையாகத் தெளிந்த நீர் தெரியும். அந்த நேரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதற்குமேல் வெளியே இருந்தால் புளிப்பு மட்டுமே வளரும்.

தயிரில் பிரியும் நீரைக் கொட்டிவிடவும் அக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தமளித்தது. அந்த நீரின் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறம் ரிபோஃப்ளேவின் என்கிற பி2 வைட்டமினால் வருவது. கால்சியமும் அதில் இருக்கிறது. தயிரிலேயே கலந்துவிடலாம்.

இன்னொன்றையும் சேர்த்திருக்க வேண்டும். உறைந்தபின் மறுபடி சூடாக்கப்பட்ட தயிர் கடைகளில் விற்கிறது. அதில் உயிருள்ள நுண்ணுயிரிகள் இருக்காது. அதை உறைக்குப் பயன்படுத்த முடியாது. வீட்டு உறைமோரிலும் பூஞ்சையோ இளஞ்சிவப்புப் புள்ளியோ கண்டால், மேலாக வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிய உறை வாங்குவதே சரி.

வரும் ஞாயிறு இணைப்பில், அதே பகுதியில், இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன். சமையலை இப்போதுதான் பழகத் தொடங்கியவர்கள் அப்பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அதன்படியே செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை