உன் மகன் கேட்கிற பாட்டுக்காரர்

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? மற்றதெல்லாம் நேரில்.

உன் கடிதத்தில் முக்கால்வாசி உன் பையனைப் பற்றிய புலம்பல்தான். பொழுதன்னைக்கும் அமெரிக்க ராப் பாடகர் ஸ்னூப் டாக்கைக் கேட்கிறான், நோட்டு முழுக்க ராப் எழுதுகிறான், 'ஜெயிலுக்குப் போனவன் பாட்டெல்லாம் ஒரு பாட்டா' என்று கொதித்திருக்கிறாய். ஹாஸ்டல் சுவரேறிக் குதித்த உன் கதையை இன்னும் அவனிடம் நான் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கட்டும்!

ஜெயிலுக்குப் போனது நிஜம். ஸ்னூப் டாக்கின் நிஜப் பெயர் கால்வின் பிராடஸ், 1971இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்தவர். சின்ன வயதில் தேவாலயத்தில் பாடிய பையன், பள்ளி முடித்த கையோடு கொக்கெய்ன் வழக்கில் சிக்கினான். கிரிப்ஸ் என்கிற தெரு ரவுடிக் கும்பலோடு சகவாசம் வேறு. அடுத்த சில வருடம் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அவரை அங்கிருந்து இழுத்தது கூட்டாளிகள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். வாரன் ஜி, நேட் டாக், இவர் மூவரும் 213 என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். தாங்கள் பதிவு செய்த கேசட்டை வாரன் ஒரு விருந்தில் ஒலிக்க விட, அவருக்கு அண்ணன் முறையான இசைத் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே காதில் அது விழுந்தது. 1992இல் ட்ரேயின் 'தி க்ரானிக்' ஆல்பம் முழுக்க இவர் குரல். மறுவருடம் இவருடைய முதல் ஆல்பம் 'டாகிஸ்டைல்' வந்த வாரமே பில்போர்டு என்கிற அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அந்தக் குரலைக் கவனித்திருக்கிறாயா? எத்தனையோ பேர் கத்திக்கொண்டிருந்தபோது, இவர் திண்ணையில் சாய்ந்து கதை சொல்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடினார். எனக்கு இன்றைக்கும் அது அலுக்கவில்லை.

ஆனால் பையனுக்கு நீ சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, இதில் நான் விளையாடவில்லை. 1993 ஆகஸ்டில், ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு இளைஞன் சுடப்பட்டுச் செத்தான். சுட்டது இவருடைய மெய்க்காவலர். வண்டியை ஓட்டியது இவர். தற்காப்புக்காகச் சுட்டதாக வாதாடினார்கள். 1996 பிப்ரவரியில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து இருவரும் விடுதலை. தீர்ப்பு வந்தாலும் போன உயிர் போனதுதானே? அதே வருடம் செப்டம்பரில் இன்னொரு ராப் பாடகர் டுபாக்கும் சுடப்பட்டு இறந்தார், 25 வயதில். இருவருக்கும் டெத் ரோ என்கிற ஒரே இசைக் கம்பெனி, ஒரே மேடை. அந்தப் பாட்டுகளில் துப்பாக்கி வெறும் எதுகைக்கு வந்த சொல் இல்லை என்பது உன் பையனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பெண்களைப் பற்றி அதில் வருகிற வசைகளும் எனக்குப் பிடிக்காது. அதையும் அவனிடம் உட்கார்ந்து பேசு, செட்டைப் பிடுங்கி வைக்காதே.

1998இல் டெத் ரோவை விட்டு வேறு கம்பெனிக்குப் போனார். அதற்கப்புறம்தான் ஆள் நிலைத்தார் என்று நினைக்கிறேன். 2004இல் 'ட்ராப் இட் லைக் இட்ஸ் ஹாட்' முதலிடம், அடுத்த வருடம் சிறுவர்களுக்கு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் லீக் தொடங்கினார். சமையல் புகழ் மார்த்தா ஸ்டீவர்ட்டோடு டிவி நிகழ்ச்சி. 2022இல் டெத் ரோவையே விலைக்கு வாங்கினார்டா! 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தீபத்தோடு பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனிஸ் ஊரின் தெருவில் நடந்தார். நிறைவு விழாவுக்கு லாங் பீச் கடற்கரையிலிருந்தே பாடினார், பக்கத்தில் அதே ட்ரே. நேட் டாக்தான் இல்லை, 2011இலேயே போய்விட்டார்.

அதனால் நீ விசாரிக்க வேண்டியது ஸ்னூப் டாக்கை அல்ல. உன் பையன் யாரோடு உட்கார்ந்து எழுதுகிறான், எழுதியதை முதலில் யாருக்குப் பாடிக் காட்டுகிறான்? அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. அவன் சம்மதித்தால் நாலு பாட்டைப் பதிவு பண்ணி எனக்கு அனுப்பச் சொல். நம்ம கூட்டாளி தாடி அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருகிறானாம், அவனையும் உட்கார வைத்துக் கேட்கிறேன். தாளம் தப்பினால் அவன் விடமாட்டான்.

அன்புடன்,
உன் மாப்ளே