கையெழுத்துக் கேட்பதற்கு முன் வீட்டுக்கு விளக்கம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரம் 8 இல் படிக்கும் என் பேத்தியை வளர்ப்பவள் நான். மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். பிள்ளையின் தகப்பன் எங்களோடு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் சம்மதக் கடிதங்களைப் பற்றி, என்னைப் போன்ற அம்மம்மாமார் பலர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கடிதம் அவள் தரம் 6 இல் படித்தபோது வந்தது. விஞ்ஞானக் கொப்பிக்குள் நாலாக மடித்து வைத்திருந்ததை இரவு எட்டு மணிக்கு எடுத்து நீட்டினாள். "அம்மம்மா, நாளைக்கு ஊசி, கையெழுத்து வேணும்." அரைப் பக்கத் தாள். பிள்ளையின் பெயர், வகுப்பு, அதன் கீழே 'எச்பிவி தடுப்பூசி ஏற்றச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை, பொருத்தமற்றதை வெட்டிவிடவும்.' அது எதற்கான ஊசி, எத்தனை தரம் போடுவார்கள், சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

பக்கத்து வீட்டில் கேட்டேன். "அதைப் போட்டால் பிறகு பிள்ளை தங்காதாம்" என்றார் அங்கிருந்த பெண். அவரும் யாரோ அனுப்பிய வட்ஸ்அப் குரல்பதிவில் கேட்டதுதான். பொம்பிளைப் பிள்ளை, தாயும் பக்கத்தில் இல்லை, நாளைக்கு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து 'சம்மதிக்கிறேன்' என்பதை வெட்டி அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து என் மச்சாளைப் பார்க்கத் தெல்லிப்பழைக்குப் போனேன். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்துக் கட்டினார்களே, அந்தப் புற்றுநோய் வைத்தியசாலைதான். மச்சாளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். கட்டிலருகில் நின்ற தாதி, "இந்த வருத்தம் வராமல் தடுக்கத்தானே அம்மா இப்ப பள்ளிக்கூடத்தில ஊசி போடுகினம்" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 2017 முதல் இலங்கையில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம் இலவசமாகப் போடுகிறார்கள் என்பதும், பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற கதை முழுப் பொய் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். அடுத்த நாளே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பேத்திக்கு ஊசி போடுவித்தேன். தாதி சொன்ன அந்த இரண்டு வரியும் கடிதத்தில் இருந்திருந்தால் முதல் நாளே சம்மதம் எழுதிக் கொடுத்திருப்பேன்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எனக்குக் குறை இல்லை. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள். தரம் 7 இல் இவளுக்குத் தூரப் பார்வை குறைவு என்று கண்டுபிடித்து எழுதித் தந்தார்கள். மந்திகை ஆஸ்பத்திரியில் காட்டி இப்போது கண்ணாடி போடுகிறாள். நல்ல வேலை செய்கிறார்கள். வீட்டுக்குச் சொல்லும் முறைதான் சரியில்லை.

இன்னொன்று, அந்தக் கடிதங்களின் அடியில் 'தாய் / தந்தை' என்று மட்டும்தான் இருக்கும். நான் கையெழுத்து வைத்தால் ஏன் தாய் வைக்கவில்லை என்று பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கேட்கிறார்கள். தாய் கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினால் அது செல்லாது என்கிறார்கள். மகள் வெளிநாடு போகும்போது குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்கப் பிரதேச செயலகத்தில் என்னை உட்கார வைத்து, பிள்ளையைப் பார்ப்பவர் நான்தான் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். ஒரு அரச அலுவலகத்துக்கு நான் பாதுகாவலர். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் நான் யாரோ?

இனி எழுதப் போவதுதான் என்னை இந்தப் பேனையை எடுக்க வைத்தது. போன வருடம் மகள் லீவில் வந்து திரும்பிப் போன பிறகு பேத்தி சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சையும் குறைத்தாள். வளரும் வயது, அப்படித்தான் என்று நான் இருந்துவிட்டேன். அவள் தானாகவே ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் போயிருக்கிறாள். வீட்டில் சம்மதம் வாங்கி வரும்படி ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை அவள் என்னிடம் தரவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு பென்சில் பெட்டியைக் கழுவ எடுத்தபோது அடியில் மடித்துக் கிடந்தது. 'ஆலோசனை பெற விரும்பும் காரணம்' என்ற இடத்தில் எதையோ எழுதி அழிரப்பரால் அழித்திருந்தாள். லைற் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'அம்மா' என்று இருந்தது.

அந்த மூன்று கிழமையும் அவள் அதைத் தனியாகவே சுமந்திருக்கிறாள். என்னிடம் கேட்டால், நான் பார்ப்பது போதவில்லை என்று சொல்வதாக எனக்கு மனம் நோகும் என்று பயந்தாளாம்.

என் வீட்டில் தாயை நினைத்த ஏக்கம். இன்னொரு வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு அடிப்பதாக இருக்கலாம், மாமன் முறையானவர் தொடக்கூடாத இடத்தில் தொடுவதாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை அந்தப் படிவத்தை யாரிடம் நீட்டும்? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்தப் பிள்ளையும் எந்த நேரமும் இலவசமாக எடுத்துப் பேசலாம். யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அப்படியிருக்க, பக்கத்து அறையில் இருக்கும் ஆசிரியரோடு பேச எதற்குக் கடிதம்? சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பற்றிய விடயத்தில் பிள்ளையின் சொல்லையும் கேட்க வேண்டும் என்று அதன் 12 ஆவது உறுப்புரை சொல்கிறது.

பெற்றோரின் பயமும் எனக்கு விளங்கும். எங்கள் ஊரில் மனநல வைத்தியரிடம் போனாலே விசர் என்று பெயர் வைத்துவிடுவார்கள், அது பிறகு கலியாணப் பேச்சு வரைக்கும் வந்து நிற்கும். எங்களுக்குத் தெரியாமல் எங்கள் பிள்ளையை எங்கும் அனுப்ப வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, மருந்து தொடங்குவது என்றால் வீட்டில் கேட்கத்தான் வேண்டும். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் உடனே சொல்லவும் வேண்டும். ஆனால் முதல் நாள் வந்து இருந்து பேசுவதற்குப் படிவம் வேண்டாம்.

கழகங்கள் பற்றியும் ஒன்று. பெண் சாரணியர் பாசறைக்கு நான் முதலில் மாட்டேன் என்றேன். சனிக்கிழமை ரியூசன், இரவில் வெளியில் தங்க வேண்டும், இரண்டும் எனக்குச் சரிவரவில்லை. பொறுப்பாசிரியை வீட்டுக்கே வந்தார். பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், எத்தனை ரீச்சர்மார் கூட இருப்பார்கள், எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்று படியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடியே சொல்லித் தன் போன் இலக்கத்தையும் எழுதித் தந்தார். அப்போதே கையெழுத்து வைத்தேன். பாசறையால் வந்த பிள்ளை அன்றிரவு இரண்டு தரம் சோறு கேட்டாள்.

எல்லா வீட்டுக்கும் ஒரு ஆசிரியர் நடந்து வர முடியாது, அது எனக்குத் தெரியும். ஒரு கிழமைக்கு முன் கடிதத்தை அனுப்பலாம். ஊசி என்றால் எதற்கு என்று நாலு வரி தமிழில், விளங்கும்படி போடலாம். சந்தேகம் கேட்க ஒரு இலக்கம் தரலாம். ஆலோசனைக்கு வரும் பிள்ளையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். அடுத்த தவணைக்குப் படிவங்கள் அடிப்பதற்கு முன், வலயக் கல்விப் பணிமனை அதிகாரிகளும் அதிபர்மாரும் 'தாய் / தந்தை' என்பதற்குப் பக்கத்தில் 'பாதுகாவலர்' என்ற சொல்லையும் சேர்க்கும்படி தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
கரவெட்டி.