நீங்கள் விற்காத விளையாட்டை நூலகமாவது வைத்துக்கொள்ளட்டும்

கியோட்டோ நிண்டெண்டோ நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 2024 அக்டோபர் தொடக்கத்தில் உஜி நகரில், உங்கள் பழைய தொழிற்சாலையிலேயே அருங்காட்சியகம் திறந்தீர்கள். 1889இல் ஹனஃபுடா என்ற ஜப்பானிய விளையாட்டுச் சீட்டு செய்த கடை இவ்வளவு தூரம் வந்ததைப் பார்க்க உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதே மாதக் கடைசியில்தான் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. கடையில் கிடைக்காத பழைய வீடியோ விளையாட்டுகளை நூலகங்கள் இணையம் வழியாக ஆய்வாளர்களுக்குத் தர அனுமதி கேட்டார்கள், அவ்வளவுதான். கூடாது என்று வாதாடியது உங்கள் அமெரிக்கக் கிளையும் உறுப்பினராக உள்ள வீடியோ விளையாட்டு நிறுவனங்களின் சங்கம்.

உங்கள் சாட்டலாவியூ சேவையின் கதி உங்களுக்குத் தெரியாததல்ல. 1995 முதல் 2000 வரை, உங்கள் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுப் பெட்டியின் அடியில் பொருத்திய கருவிக்குச் செயற்கைக்கோள் வழியே விளையாட்டுகளை அனுப்பினீர்கள். 1995இல் ஒளிபரப்பான செல்டா விளையாட்டை, அறிவித்த நேரத்தில் உட்கார்ந்தால்தான் ஆட முடியும். கூடவே வந்த கதை சொல்லும் குரல், விளையாட்டைச் சேமிக்கும் மெமரி பேக்கில் பதியாது. ஒளிபரப்பு நின்றதும் எல்லாம் போயிற்று. பிறகு ரசிகர்கள் பழைய மெமரி பேக்குகளைத் தேடித்தேடி வாங்கி, அவற்றில் மிஞ்சியதை எடுத்துச் சேர்த்தார்கள். அந்தக் குரல் இன்று கேட்கக் கிடைக்கிறதென்றால், யாரோ வீட்டில் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்ததால்தான். உங்கள் பெட்டகத்தில் பிரதி இருக்கலாம். வெளியே இருப்பவர்களுக்கு அதனால் என்ன பயன்?

2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ என்ற உங்கள் பழைய கருவிகளின் இணையக் கடைகளை மூடினீர்கள். பழைய கருவிகளுக்காகக் கடை நடத்தச் செலவாகும், சரி. ஆனால் புஷ்மோ போல வட்டிலோ கார்ட்ரிட்ஜிலோ வராத விளையாட்டைப் புதிதாக ஒருவர் எங்கே போய் வாங்குவார்? பின்னால் வந்த ஸ்விட்ச் கருவியில் சில பழைய விளையாட்டுகள் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. சந்தா நின்றால் அவையும் இல்லை. இது உங்களோடு நிற்கும் குறையும் இல்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. காசு வாங்கும்போது விளையாட்டு உங்களுடையது என்கிறார்கள், கடையை மூடும்போது உரிமம் மட்டும்தான் என்கிறார்கள். இந்தத் தொழில் முழுவதும் இப்படியே ஆகிவிட்டது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கள்ளப் பிரதி விற்பவர்களை நீதிமன்றத்துக்கு இழுங்கள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. நூலகங்கள் திருடர்கள் அல்ல. நீங்கள் விற்பதை அவர்கள் கேட்கவில்லை, நீங்கள் கைவிட்டதைத்தான் கேட்கிறார்கள்.

நூலகங்கள் கேட்டது போன்ற பதிப்புரிமைச் சட்ட விதிவிலக்குகள் அமெரிக்காவில் மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசீலனைக்கு வரும். 2027இல் மறுபடியும் இதே கோரிக்கை வந்தால், சங்கத்தின் எதிர்ப்பை விலக்கிக்கொள்ள உங்கள் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை நூலகங்கள் பாதுகாக்கவும் ஆய்வாளர்களுக்குத் தரவும் வழிவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளோடு வளர்ந்த ஒருவன்