ஹோட்டன் சமவெளிப் பயணம்: லஞ்ச் ஷீட் வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

தரம் 8 பிள்ளைகளை இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப் போகிறோம். பஸ் விடியற்காலை 3.30க்கே கிளம்பும். ஏன் இந்தச் சாமத்தில் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஒன்பது, பத்து மணியானால் உலக முடிவு (World's End) என்கிற செங்குத்து மலை விளிம்பில் மூடுபனி ஏறிவிடும், அப்புறம் எண்ணூறு மீற்றருக்கு மேல் ஆழமான அந்தப் பள்ளம் இருக்கிற இடமே தெரியாது.

ஆனால் பள்ளத்தோரம் செல்பி எடுக்க மட்டும் இவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை. 2,100 மீற்றர் உயரத்துப் புல்வெளியும் அதை ஒட்டிய குட்டைக் காடும்தான் பாடம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து தண்ணீர் இறங்குகிறது; மழையில்லாத நாளிலும் மரக்கிளைகளில் படர்ந்த பாசி மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு விடும். மூக்கில் கொம்புள்ள ஓணானைத் தேடச் சொல்லியிருக்கிறேன், இலங்கையை விட்டால் அது வேறெங்கும் இல்லை. சிறுத்தையும் இருக்கிறதுதான், அதற்காகப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி அனுப்பாதீர்கள். மஞ்சளாகப் பூத்திருக்கும் முட்பற்றையைப் பார்த்து எல்லோரும் மயங்குவார்கள்; அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடி, புல்வெளிக்குள் பரவிக்கொண்டே போகிறது.

மரை என்கிற பெரிய மானை அநேகமாகக் காண்பார்கள். வாகனம் நிறுத்தும் இடத்துக்கே வந்து நிற்கும், வருகிறவர்கள் பாணும் பிஸ்கட்டும் நீட்டி அப்படிப் பழக்கிவிட்டார்கள். சாப்பாட்டு வாசத்துக்காக அது பொலித்தீனையும் சேர்த்து விழுங்கினால் வயிற்றில் செமிக்காமல் அடைத்துக்கொள்ளும், பட்டினியில் சாகும். அதனால் பிள்ளை கெஞ்சினாலும் 'மரைக்கு' என்று தனியாக எதையும் கட்டிக் கொடுக்க வேண்டாம். வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டையும் பிஸ்கட் உறையையும் விடமாட்டார்கள். நாற்பது பைகளை அங்கே அவிழ்த்துக்கொண்டு நின்றால் மூடுபனி நமக்காகக் காத்திருக்காது. ரொட்டியும் சம்பலும் வாழை இலையிலோ சாப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கட்டும், தண்ணீர் வீட்டுப் போத்தலில் போதும்.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவு. செருப்பு சரிவராது, சப்பாத்து வேண்டும். ஸ்வெட்டர் கட்டாயம், நுவரெலியாக் குளிர் பழக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அங்கே இன்னும் குளிரும். மூச்சிளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை என்றால் மருந்தைப் பையில் வைத்து வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். சம்மதக் கடிதம் புதன்கிழமைக்குள் வரவேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்