பிள்ளைகளோடு ஆசிரியரும் உட்கார்ந்து சாப்பிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைப்பது எப்படி என்று உங்கள் பக்கத்தில் வாசகர்கள் எழுதிவருகிறார்கள். மொழி ஆய்வகம் வேண்டும் என்கிறார் ஒருவர். செல்போன் செயலியே போதும் என்கிறார் இன்னொருவர். ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊரில் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியையாக இருந்தவள் நான். நான் கேட்பதற்குக் காசு செலவில்லை: மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர்களும் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

ஹமாமட்சு மோட்டார் சைக்கிளுக்கும் பியானோவுக்கும் பேர்போன ஊர். என் கணவருக்கு அங்கே வேலை. குடும்ப விசாவில் போகிறவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை சம்பாதிக்கலாம். அப்படித்தான் பள்ளிக்குள் நுழைந்தேன். 2020 ஏப்ரலில் இருந்து அங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட், அதற்கு மதிப்பெண் கிடையாது. பீரியட் 45 நிமிடம். வகுப்பு, வகுப்பாசிரியரின் பொறுப்பு. நான் பக்கத்தில் நின்று அட்டையைக் காட்டுவேன், வாயைக் கோணாமல் சொல்லிக் காட்டுவேன். மூன்றாம் வகுப்பில் ‘வாட்ஸ் திஸ்?’ என்று ஒரு பாடம். நான் ஆப்பிள் படத்தைப் பாதி மறைத்துக் காட்ட, முப்பது பேரும் கூரை அதிரக் கேட்பார்கள். அது ஆப்பிள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததைக் கேட்பதில் என்ன இருக்கிறது?

மணி அடித்ததும் மேசைகளை நான்கு நான்காக எதிரெதிரே திருப்பிப் போடுவார்கள். அந்த வாரம் பரிமாறும் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு வண்டியைத் தள்ளி வருவார்கள். சோறு, சூப், ஏதாவது ஒரு பொரியல், பால். வகுப்பாசிரியருக்கும் அதே தட்டு, எனக்கும் அதே தட்டு. இலவசமில்லை, மாதாமாதம் பணம் கட்டினோம். நான் ஒரு நாள் ஒரு வகுப்பு என்று மாறி மாறி உட்காருவேன்.

மாட்டிறைச்சி நான் சாப்பிடுவதில்லை. மாத உணவுப் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும் என்பதால், அந்த நாள்களில் வீட்டிலிருந்து தயிர் சாதமும் மோர் மிளகாயும் டப்பாவில் கொண்டுபோவேன். மூடியைத் திறந்ததும் எதிரே இருக்கும் பிள்ளை விரலை நீட்டி, ‘வாட்ஸ் திஸ்?’ என்று கேட்கும். இந்த முறை அதற்கு நிஜமாகவே தெரியாது. அடுத்தது ‘ஸ்பைசி?’, அதற்கடுத்து ‘யூ லைக்?’ இலக்கணம் தடுமாறும்தான். தடுமாறட்டுமே! வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், என் ஊரில் பனி பெய்யுமா என்று சைகையும் ஆங்கிலமும் கலந்து கேட்டது இப்படி ஒரு மதியத்தில்தான். மிஞ்சிய உறைந்த ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டி வந்தால் கல், கத்தரி, காகித விளையாட்டில் ‘ராக், சிசர்ஸ், பேப்பர்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கை நீட்ட வேண்டும் என்பது மட்டும் நான் போட்ட சட்டம்.

கொரோனா காலத்தில் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் சாப்பிட்டார்கள். 2022 நவம்பரில் அரசு தளர்த்திய பிறகும் எங்கள் பள்ளியில் மேசைகள் உடனே திரும்பவில்லை. அந்த மாதங்களில் நான் உட்கார்ந்த வகுப்புகளில் ஒரு பிள்ளையின் பெயர்கூட என் மனதில் தங்கவில்லை.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018-இல் பல நாடுகளில் நடத்திய ஆய்வில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பது தெரியவந்தது, அந்த நாடுகளிலேயே அதுதான் அதிகம். என் பக்கத்து மேசை வகுப்பாசிரியை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு நோட்டுத் திருத்துவார். அதனால்தான் தினமும் வேண்டாம் என்கிறேன். வாரம் ஒரு நாள், ஆசிரியர்கள் முறை வைத்து வரட்டும்.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயிரம் விளக்குப் பள்ளியில் சென்னை மாநகராட்சி மதிய உணவைத் தொடங்கியது 1920-இல். இன்று தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் இருக்கிறது. சமைத்ததை ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்ற விதியும் நம்மிடம் உண்டு. ஆனால் ருசி பார்ப்பது ஒரு கரண்டியோடு முடிந்துவிடுகிறது. நான் பார்த்த பள்ளியில் பிள்ளைகள் வராண்டாவில் கலவை சாதமும் முட்டையும் சாப்பிட, ஆசிரியர்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையிலிருந்து கத்திய தொண்டைக்கு அந்த அரை மணிதான் ஓய்வு.

இன்னொன்றும் உண்டு. சமைப்பவர் என்ன சாதி என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் பற்றிய செய்திகளை இந்த மாநிலத்தில் நாம் படித்திருக்கிறோம். அதே சோற்றை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. இது ஆங்கிலத்தைவிடப் பெரிய காரணம் என்றே எனக்குப் படுகிறது.

பிள்ளைகளுக்கு ஒதுக்கிய அரிசியில் ஆசிரியர்கள் கைவைக்கக் கூடாது என்பார்கள். நியாயம். காசு கட்டிச் சாப்பிடட்டும், இல்லையென்றால் சொந்த டப்பாவோடு வந்து உட்காரட்டும். ஆங்கில ஆசிரியர் முறை வரும் நாளில் ஆங்கிலம் மட்டும்தான் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். டப்பாவைத் திறந்தால் கேள்வி தானாக வரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது வட்டாரத்துக்கு ஒரு பள்ளியில் தொடங்கிப் பார்க்க மாநகராட்சிக் கல்வித் துறை முன்வர வேண்டும். அதற்கு முன் தலைமையாசிரியர்களையும் சத்துணவு அமைப்பாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டுவிடுவது நல்லது.

இப்படிக்கு,
முன்னாள் ஆங்கிலத் துணை ஆசிரியை,
பெரம்பூர், சென்னை - 11.